அத்தானின் கறுப்புத் தொப்பி

வெள்ளை வேஷ்டியில் ஒரு பழுப்புச் சொட்டு விழுந்ததிலிருந்து இந்தச் சமாசாரம் ஆரம்பமாயிற்று.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். 'மிக்ஜாம்' புயல் சென்னையை ஊற வைத்துவிட்டுப் போன வாரம். மந்தைவெளியில் அக்கா வீட்டுப் பக்கம் தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பார்த்து வரலாமென்று, திருவான்மியூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வெயில்கூட அடித்தது. திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது தொடையில் 'சொட்' என்று ஏதோ விழுந்தது. காக்கையின் கைங்கரியம் என்று முதலில் நினைத்தேன். காருக்குள் காக்கை எப்படி வரும்? இன்னொரு சொட்டு விழுந்தது. சிக்னலில் நின்றபோது அண்ணாந்து பார்த்தேன். உள்கூரைத் துணியில் காபியைக் கொட்டினாற்போல் ஒரு கறை, பூகோளப் புத்தகத்தில் இலங்கையைப் போட்டிருப்பார்களே, அந்த வடிவத்தில் பரவியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது.

காபிக் கறை போகும். வெற்றிலைச் சாறுகூடப் பாடுபட்டால் போகும். துருக் கறை அப்படியல்ல. எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்த்தாலும் ஒரு நிழல் நின்றுவிடுகிறது. அந்த வேஷ்டியை இன்னும் வைத்திருக்கிறேன்.

கார், 1976-ஆம் வருஷத்து அம்பாசிடர், மார்க் 3. அதை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம். அது அத்தானுடைய வண்டி. 2011-இல் அவர் காலமானபின், காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள், அக்கா சாவியை என் கையில் வைத்தாள்.

"விற்காதே. உனக்கு வேண்டாமென்றால் இங்கேயே நிற்கட்டும். எடுத்துக்கொண்டு போனால் அதில் எதையும் மாற்றாதே. முக்கியமா அந்தக் கறுப்புக் கூரையைத் தொடாதே. அவர் ஆசையாப் போட்டுக்கிட்டது" என்றாள்.

அந்தக் கறுப்புக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி தந்த நிறம். அதன் தலையில் மட்டும் கறுப்பு ரெக்ஸின் ஒட்டியிருக்கும். அந்தக் காலத்தில் அது ஒரு நாகரிகம். மவுண்ட் ரோடை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில், கார்களுக்கு ஆடை ஆபரணம் பூட்டும் கடைகளில் இதையும் செய்து கொடுத்தார்கள். சாதாரண அம்பாசிடரும் இந்தக் கறுப்புத் தொப்பியை அணிந்துகொண்டால் ஏதோ மில் முதலாளியின் வண்டிபோல் மிடுக்காகிவிடும். 1980-இல் அத்தான் இதைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஏனென்றால் அத்தான் அப்படிப்பட்ட மனுஷர் அல்ல. கணக்கு இலாகாவில் உத்தியோகம். பெட்ரோல் போட்ட தேதி, அளவு, ஓடிய தூரம் எல்லாவற்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி டாஷ்போர்டுக்குள் வைத்திருப்பார். சட்டைக்குப் பொத்தான் போனால்கூட, மற்றப் பொத்தான்களும் போகட்டும், சேர்த்துத் தைக்கலாம் என்று காத்திருக்கிற சுபாவம். அவருக்கு இந்த ஷோக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அப்போதே கேலி செய்தேன். "எல்லாரும் போடுறாங்க, மாப்பிள்ளை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயை எடுத்துக்கொண்டு, அந்த ரெக்ஸினுக்குத் தேய்த்துவிடுவார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் பதமாகத் தேய்ப்பார். இதனால் கூரைக்கு ஆயுள் கூடிற்றோ இல்லையோ, தெருத் தூசி முழுவதும் அதில் வந்து ஒட்டிக்கொண்டது.

கறை கண்ட மறுவாரம் அண்ணாசாலைப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய ரெக்ஸின் வெடிச்சுப் போச்சு சார். புதுசு போட்டுடலாம். ஆறாயிரத்து ஐந்நூறு. சாயந்திரம் எடுத்துக்கிட்டுப் போயிடலாம்" என்றார். "கீழே துரு இருந்தால்?" என்று கேட்டேன். "மேலே புது ரெக்ஸின் வந்துட்டா துரு எங்கே சார் தெரியப் போவுது?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குத் தெரியாது, வாக்கும் தவறவில்லை, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயில் எல்லாம் ஒப்பேறிவிடும். 'நாளைக்குக் கொண்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரவில் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் கதைவிட மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். மறுநாள் அந்தக் கடைக்குப் போகிற வழியில் ராயப்பேட்டையில் கிளட்ச் கம்பி அறுந்துபோகாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையே இல்லை.

தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திய சந்தில் ஒரு டிங்கர் பட்டறை. நடத்துகிறவருக்கு அறுபது வயதிருக்கும். எல்லாரும் அவரைப் 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கிளட்சை ஒரு பையன் கவனித்துக்கொண்டிருந்தபோது, பாய் கார்க் கூரையில் பின்கண்ணாடிக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உள்ளேயிருந்து 'கரக்' என்று அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. என் முகத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு இடத்தில் அழுத்தினார். இரண்டு இடத்திலும் அப்பளம். பிறகு துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துவந்து கூரைமேல் நகர்த்தினார். ரெக்ஸினுக்கு அடியில் தகடு இருக்கிற இடமெல்லாம் அது லேசாக ஒட்டிக்கொண்டே போயிற்று. நட்டநடுக் கூரையில், ஓட்டுகிறவர் தலைக்குச் சற்றுப் பின்னால், ஒரு தட்டு அளவு இடத்தில் ஒட்டாமல் நழுவியது.

"இங்கே பட்டி இருக்குது சார். நிறைய இருக்குது. ஆக்சிடென்ட் வண்டியா?"

"ஒரு கீறல் பட்டதில்லை. என் அத்தான் வண்டி" என்றேன், சற்று ரோஷத்துடன்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. காந்தத்தைத் துணியோடு பையில் போட்டுக்கொண்டார். புது ரெக்ஸின் யோசனையை மெதுவாகப் பிரஸ்தாபித்தேன். "நான் செய்ய மாட்டேன் சார். புண்ணுக்கு மேலே பட்டுத்துணி கட்டறாப்போல. ரெண்டு மழைக்கு அப்புறம் கூரை உங்க மடியிலே இருக்கும்" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பினேன்.

இந்த ரெக்ஸின் தொப்பியின் சரித்திரம் வேடிக்கையானது. ஆதியில் கோச்சு வண்டிகளுக்குத் தோல் கூரை, மடக்கலாம், விரிக்கலாம். ஜெர்மனியில் லாண்டாவ் என்ற ஊரின் பெயரே ஒருவகை மடக்குக் கூரை வண்டிக்குப் பெயராகிவிட்டது. மோட்டார் வந்த பிறகும் வெகுகாலம் மூடிய கார்களின் கூரை முழுவதும் இரும்பாக இல்லை. அவ்வளவு பெரிய தகட்டை ஒரே அடியில் அச்சடிக்கிற வசதி பிறக்கவில்லை. நடுவில் துணியைத்தான் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழை ஒழுகும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1935-ஆம் வருஷத்து வண்டிகளில் ஒரே தகட்டாலான கூரையைக் கொண்டுவந்து, ஒழுகல் என்ற தொல்லைக்கு முடிவு கட்டியது. முப்பது வருஷம்கூடப் பொறுக்கவில்லை. அதே அமெரிக்கர்கள் ஒழுகாத இரும்புக் கூரைக்கு மேலே துணி மாதிரி ஒன்றை ஒட்டி, மடக்குக் கூரை வண்டிபோல் பாவனை செய்யக் கிளம்பிவிட்டார்கள். 1962-இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் 'லாண்டாவ்' என்ற பெயரோடு வினைல் கூரை வந்தது. மடக்குக் கூரைக்கு இருக்கிற கீல் கம்பிபோல் பக்கத்தில் ஒரு வளைந்த கம்பி வேறு. அது எதையும் மடக்காது. 1969-இல் பிளிமத் கார்களுக்குப் பூப்போட்ட வினைல் கூரைகூட வந்திருக்கிறது! புடவைக்கு ஏற்ற ரவிக்கை மாதிரி இருந்திருக்க வேண்டும். இன்று அந்தக் கார்களைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறவர்கள் எல்லாரும், எனக்கு வந்த அதே 'கரக்' சத்தத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பனி உருகுவதற்காகத் தெருவில் உப்பைக் கொட்டுகிறார்கள். திருவான்மியூரில் கடற்காற்று அந்தச் செலவை இனாமாகச் செய்துவிடுகிறது.

ரெக்ஸின் என்பதே இங்கிலாந்தில் ஒரு கம்பெனி செய்த தோல்துணியின் பெயர். நாம் அதை எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டோம். காரில் ஒட்டுவது பி.வி.சி. தண்ணீர்க் குழாய்க்கு உபயோகிக்கிற அதே வஸ்துதான். எண்ணெய் போன்ற ஒரு மருந்தைக் கலந்து மெத்தென்று ஆக்கியிருக்கிறார்கள். வெயிலில் நின்று நின்று அந்த மருந்து ஆவியாகப் போய்விட்டால், பி.வி.சி. தன் குழாய்க் குணத்துக்குத் திரும்புகிறது. சுருங்குகிறது, தையலில் விடுகிறது, மயிரிழை மயிரிழையாக வெடிக்கிறது. மழைநீர் உள்ளே போக அந்த இழை போதும். வெளியே வரத்தான் வழி இல்லை. கீழே இருக்கும் துணிப்படலம் பஞ்சு மாதிரி அதைக் குடித்துக்கொண்டு, மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும் ஈரமாகவே இருக்கும். பெயிண்ட் மட்டும் அடித்த கூரையானால் அரை மணியில் உலர்ந்துவிடும். அழகுக்குப் போட்ட போர்வை இரும்பை உலர விடுவதில்லை. இரும்புக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் போதும். பிறகு நடப்பது ஒரு குடும்பத் தகராறு மாதிரி. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேலே இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் மேலே இருப்பதைத் தூக்கும். தூக்கிய இடுக்கில் இன்னும் ஈரம்.

உரிக்கிற வேலையை ஜனவரியில் ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார் பாய். நானும் கூடப் போனேன். "வெயில் ஏறட்டும் சார். பசை இளகினா தானா வரும்" என்று பதினொரு மணி வரைக்கும் டீ குடிக்க வைத்தார். முதலில் பின்கண்ணாடியைக் கழற்றினார்கள். உள்ளே ஒருவன் படுத்துக்கொண்டு இரண்டு காலாலும் மெதுவாகத் தள்ள, ரப்பர் பீடிங்கோடு அது வெளியே வந்தது. பிறகு கூரையைச் சுற்றி ஓடிய வெள்ளிப்பட்டை. அதைப் பிடித்திருந்த ஒவ்வொரு கிளிப்புக்கும் தகட்டில் ஒரு துளை போட்டிருந்தார்கள். பதினாறு துளை. பதினாறையும் சுற்றிப் பழுப்பு வளையம். ஒழுகக் கூடாத கூரையில் பணம் கொடுத்துப் பதினாறு துளை போட்டுக்கொண்டிருக்கிறார் அத்தான், ஒரு பொத்தானுக்கு ஐந்து மாதம் யோசிக்கிறவர்.

மூலையில் ஒரு மழுங்கிய பட்டி தகட்டைச் சொருகி நெம்பி, விரல் பிடிக்குமளவு வந்ததும், பாய் ரெக்ஸினை என் கையில் கொடுத்தார். "இழுக்காதீங்க. மடிச்சு உருட்டிக்கிட்டே வாங்க" என்றார். உருட்டினேன். சில இடத்தில் பலாச்சுளை மாதிரி லகுவாக வந்தது. சில இடத்தில் வரமாட்டேன் என்றது. அங்கே சூட்டுக்காற்று ஊதுகிற கருவியை எட்டிப் பிடித்து இளக்க வேண்டியிருந்தது. பின்கண்ணாடிக்கு மேலே வந்தபோது ரெக்ஸினோடு கூரையும் வந்தது. பழுப்புச் செதில் செதிலாக என் செருப்பில் கொட்டிற்று. முழுவதும் உரிந்தபோது மணி இரண்டு. பசையின் மஞ்சள் படலத்தைத் தின்னர் நனைத்த துணியால் ஊறவைத்துச் சுரண்ட இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த நெடியில் எனக்குத் தலைவலி. பையன்கள் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தார்கள்.

கூரையைப் பார்த்தேன். பெரும்பகுதி பிழைத்திருந்தது. மேலாகச் சிவந்திருந்த இடத்தில் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளைத் தகடு தெரிந்தது. பின்கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் நீளமும், இடது பக்கம் மழைநீர் ஓடும் வாரியை ஒட்டி நாலு விரல் அகலமும் சல்லடை. பாய் கூர்மையான ஒரு கம்பியால் அங்கங்கே குத்திப் பார்த்து, நல்ல தகடு ஆரம்பமாகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். "துரு எங்கே முடியுதோ அங்கே வெட்டக்கூடாது சார். நல்ல இரும்பு ஆரம்பிக்கிற இடத்திலே வெட்டணும். ரெண்டுக்கும் நடுவிலே கொஞ்சம் இருக்குது" என்றார். இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கதையை வெட்டுகிறபோது இந்த 'நடுவிலே கொஞ்ச'த்தைத்தான் விட்டுவிட்டு அவஸ்தைப்படுகிறோம்.

நடுக் கூரையில் இருந்த பட்டியை அவர் கடைசியாக எடுத்துக்கொண்டார். உளியை வைத்து ஒரு தட்டு. கால் அங்குலக் கனத்தில், காய்ந்த சேறு போல் பாளமாகப் பெயர்ந்தது. கீழே ஒரு பள்ளம். சிறு கிண்ணம் கவிழ்ந்தாற்போல் உருண்டையான, ஆழமான பள்ளம். சாலையில் அடிபட்டால் கூரையின் நட்டநடுவில் இப்படி விழாது. மேலேயிருந்து ஏதோ விழுந்திருக்கிறது.

டாஷ்போர்டைத் திறந்து அத்தானின் நோட்டை எடுத்தேன். 1980-ஆம் வருஷம் ஜூன் மாதம்: 'கூரை ரெக்ஸின் — 480.' அதற்குக் கீழே, அவர் வாழ்க்கையிலேயே நான் பார்த்தறியாத ஒரு பதிவு: 'இதர — 150.' நாலணாச் சுண்ணாம்புக்குக்கூடப் பெயர் எழுதுகிறவர், நூற்றைம்பது ரூபாயை 'இதர' என்று எழுதியிருந்தார்.

எனக்குப் புரிய ஆரம்பித்தது. நாகரிகத்துக்காகப் போட்டதல்ல அந்தத் தொப்பி. பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, பட்டியை ரெக்ஸினால் மறைத்து, ரெக்ஸினை முப்பது வருஷம் எண்ணெய் தேய்த்துக் காப்பாற்றியிருக்கிறார். யாரிடமிருந்து மறைத்தார்? அக்காவைத் தவிர அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அதை அறியாமல், 'அவர் ஆசையாப் போட்டுக்கிட்டது' என்று அவள் கட்டிக் காக்கிறாள். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வாக்கை மீறிக் கூரையை உரித்தது ஒரு குற்றம். உரித்துக் கண்டதைச் சொன்னால், போன மனுஷரின் பேரில் அவளுக்கு இருக்கிற ஒரு நல்ல ஞாபகத்தைக் கெடுத்த குற்றம். சொல்லாமல், மறுபடி கறுப்பு ரெக்ஸினை ஒட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், அத்தானின் பொய்யை நான் வாரிசாக ஏற்றுக்கொண்டு நடத்துகிறேன் என்று ஆகும். பாயும் கேட்டுவிட்டார்: "வேலை முடிஞ்சதும் பெயிண்டா, ரெக்ஸினா? சுத்தமா அடைச்சிட்டு மேலே போட்டா தப்பில்லை. ஆனா போட்டா திரும்பவும் துளை போடணும்." ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு சில்லறைப் பரிசோதனை. துருவை நிறுத்துவதற்குப் பாய் ஒரு புட்டியிலிருந்து மருந்து தடவினார், பாஸ்பாரிக் அமிலம். சிவந்த துரு சாம்பல் நிறமாக மாறி, இரும்போடு ஒட்டிய ஒரு பாஸ்பேட் படலமாக நின்றுவிடுகிறது. டில்லி இரும்புத் தூண் ஆயிரத்தறுநூறு வருஷமாக நிற்பதற்கும் இரும்பிலுள்ள பாஸ்பரஸ் உண்டாக்கிய ஒரு மெல்லிய படலமே காரணமென்று, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இன்னொரு வகை மருந்து டானிக் அமிலம் கலந்தது. அது துருவைக் கறுப்பாக மாற்றும். இதைப் படித்தபோது எனக்குப் பொறிதட்டிற்று. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் பெரியவர்கள் காய்ச்சிய மசி இதுதானே? கலம்காரிச் சேலைக்காரர்கள் கடுக்காய் நீரில் நனைத்த துணியில், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதுதானே? நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கிக் கஷாயம் வைத்து, பாய் வெட்டிப் போட்ட துருத் தகட்டில் தடவினேன். பத்து நிமிஷத்தில் நீலம் ஓடிய கறுப்பு. பாயிடம் காட்டினேன். "நல்லா இருக்குது சார். ஆனா வண்டிக்கு வேணாம். உங்க கதைக்கு வெச்சுக்குங்க" என்றார்.

வெல்டிங் வேலை நடந்த தினத்தன்று நான் அருகில் நிற்கப் பயந்தேன். உள்கூரைத் துணியையும், உஷ்ணத்துக்காக யாரோ திணித்திருந்த சணல் மெத்தையையும் முதலிலேயே பிய்த்துப் போட்டுவிட்டார்கள்; மறந்து ஒரு பொறி விழுந்தால் வண்டியே போய்விடும். 20 கேஜ் தகட்டில் துண்டு வெட்டி, வளைத்து, பொருத்தி, ஒரே கோடாக ஓட்டாமல் இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி என்று வைத்தார் பாய். ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு ஈரத்துணி. கூரை அகலமான தகடு. ஒரே இடத்தில் சூடு ஏறினால் நெளிந்துவிடும், அப்புறம் அதைச் சமப்படுத்த எந்த மேஸ்திரியாலும் ஆகாது என்றார். இரண்டு துண்டுக்கு ஒரு முழு நாள். பதினாறு துளையையும் அடைத்தாயிற்று.

அன்று சாயங்காலம் ஆட்டோவில் அக்கா வீட்டுக்குப் போனேன். எண்பத்தொரு வயது; காது மந்தம்; கண் மட்டும் பழைய கண். "கார் எங்கே?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"பட்டறையில்" என்றேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன். மழை, சொட்டு, துரு, உரித்தது எல்லாம். பள்ளத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் கோபிக்கவில்லை. காபித் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நடுவிலே ஒரு பள்ளம் இருந்திருக்குமே?" என்றாள்.

நான் தம்ளரை வைத்துவிட்டேன்.

"கொல்லைத் தென்னைமரம். தேங்காய் முத்திப்போச்சு, ஆளைக் கூப்பிடுங்கன்னு ஒரு மாசமாச் சொல்றேன். மரமேறி வந்தான். மரத்துக்கு மூணு ரூபாய் கேட்டான். ரெண்டுக்கு மேலே கிடையாதுன்னு அனுப்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் 'டம்'னு ஒரு சத்தம். நான் சமையலறை ஜன்னல்லே நின்னுக்கிட்டிருந்தேன். அவர் ஓடிப் போய்ப் பார்த்தார். தேங்காயை எடுத்துக் கிணத்தடியிலே ஒளிச்சு வெச்சார். காருக்கு உறை போட்டு மூடினார். என்கிட்ட வந்து, 'காருக்கு ரெக்ஸின் போடலாம்னு இருக்கேன், இப்போ எல்லாரும் போடறாங்க'ன்னார். போடுங்கன்னேன்."

"நீ கேட்கவே இல்லையா?"

"கேட்டா ஒத்துக்கணும். அவருக்கு அது கஷ்டம். தேங்காய் அடிச்ச இடத்துக்கு ஞாயிறு தவறாம தேங்காயெண்ணெய் தேய்ச்சாரே, அது போதாதா?"

"பிறகு ஏன் என்னைத் தொடாதே என்று சொன்னாய்?"

"நீ எழுதறவன். தெரிஞ்சா பத்திரிகையிலே போட்டு அவரைச் சிரிப்பாச் சிரிக்க வெச்சுடுவே" என்றாள்.

கூரைக்குப் பெயிண்ட் போதும் என்று அவளே தீர்ப்பளித்துவிட்டாள். பாய் உள்ளே இரும்புத் தாங்கலை வைத்துக்கொண்டு மேலே மரச் சுத்தியால் தட்டித் தட்டிப் பள்ளத்தை எழுப்பினார். அடிபட்டு நீண்ட தகடு முழுவதும் பழைய நிலைக்கு வராதாம். மிஞ்சியதற்கு ஒரு கை மெல்லிய பட்டி, எபாக்ஸி பிரைமர், வாரி ஓரமெல்லாம் சீலர், அதன்மேல் தந்த நிறம். மொத்தம் முப்பத்தெட்டாயிரம் ஆயிற்று. நோட்டில் அத்தானின் கடைசிப் பதிவுக்குக் கீழே, இனம் இனமாகப் பிரித்து எழுதி வைத்தேன். 'இதர' என்று ஒன்றும் இல்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி 'ஃபெங்கல்' புயல் கரை கடந்த அன்று, வேண்டுமென்றே காரை வாசலில் நிறுத்தி வைத்தேன். மறுநாள் உள்கூரையைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

மழை விட்ட பிறகு அக்காவைக் கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ஏறுமுன் கூரையில் கையை வைத்துத் தடவினாள். என் கைக்குத் தட்டுப்படாத இடத்தில் அவள் விரல் நின்றது. திரும்பி வருகிற வழியில், இதைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"எழுதிக்கோ. ஆனா ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்னு எழுதாதே. தேங்காயைப் பறிக்கிறதுக்குத் தேங்காயும் ரெண்டு கேட்டான் அந்த மரமேறி. அதையும் சேர்த்து எழுது" என்றாள்.